மூன்றாவது எண்

மார்ச் 4
இன்று கணித வகுப்பில் ஃபஸி கணத்தின், அதாவது எல்லை மங்கலான கணத்தின், நீட்சி. ஒரு பொருள் கணத்தில் எவ்வளவு சேரும், எவ்வளவு சேராது, எவ்வளவு தெரியாது – மூன்று எண்கள். முன்வரிசைப் பெண் கேட்டாள்: "தெரியாததையும் 'சேராது'ல போட்டுட்டா ரெண்டு எண்ணோட முடிஞ்சிடுமே மேடம்?" பிடிபிடியென்று பிடித்துவிட்டேன். பாவம்.

மார்ச் 9
அம்மாவின் இடது கண் ஓரத்தில் நிழல் விழுகிறதாம். விழித்திரை விலக ஆரம்பித்திருக்கிறது, உடனே ஆபரேஷன் செய்யுங்கள் என்றாராம் டாக்டர். அம்மாவுக்குக் கத்தி என்றாலே குலை நடுங்கும். அக்கா போனில், "நீதானேடி சந்தேகத்துக்கே கணக்குப் போடுறவ. பண்ணலாமா, வேணாமா? சொல்லு" என்றாள்.
நாளை இரவு கருத்தரங்குக்கு விமானம். எத்தனை வருடமாக ஏங்கிய மேடை!

மார்ச் 10
தெரிந்த இன்னொரு கண் டாக்டரைப் போனில் பிடித்தேன். "கண்ணைப் பாக்காம நான் எதுவும் சொல்றதுக்கில்லைம்மா."
அக்காவிடம், "ஒருத்தர் பண்ணுங்கறார், ஒருத்தர் வேண்டாங்கறார். நான் வந்ததும் பாத்துக்கலாம்" என்றேன். பின்னால் அம்மாவின் குரல்: "அவளே சொல்லிட்டா, அப்புறம் என்ன!"

மார்ச் 13
நல்ல கைதட்டல்.

மார்ச் 16
திரும்பி வந்தால், அம்மாவின் இடது கண்ணில் முழு இருட்டு. டாக்டர் என்னைத் திட்டக்கூட இல்லை. "விழித்திரையை ஒட்ட வைக்கலாம். பார்வை வரும்னு சொல்ல முடியாது."
போன் டாக்டர் எங்கே வேண்டாம் என்றார்? தெரியாது என்றல்லவா சொன்னார்? அதை நான் ஏன் மாற்றினேன் – வாய் தவறியா? சும்மா இரு. எனக்குப் போகணும். அவ்ளோதான். அம்மா கண்ணைவிட அந்த மேடை பெருசாப் போச்சு எனக்கு.

ஏப்ரல் 2
ஆபரேஷன் முடிந்தும் பார்வை வரவில்லை. "வேண்டாம்னு சொன்னானே, அவன் விளங்குவானா" என்று போன் டாக்டரை அக்கா கரித்துக் கொட்டுகிறாள். நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 20
அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவள் சொன்னது: "அம்மாகிட்ட சொல்லித் தொலைக்காத. உன்னைத்தான் மலைபோல நம்பியிருக்கா."

மே 11
வலது கண்ணிலும் விழித்திரை மெலிந்திருக்கிறதாம், லேசர் வைக்கச் சொன்னார்களாம். "சின்னவளைக் கேட்டுட்டு வெச்சிக்கறேன்" என்று அம்மா அடம் பிடித்திருக்கிறாள். "அவ வெளிநாடு போயிருக்கா, போன் கிடைக்காது" என்று அம்மாவிடம் சொல்லி, அக்கா அங்கேயே லேசரை முடித்துவிட்டாள். முடிந்தபிறகுதான் எனக்குச் சொன்னாள். கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. நல்ல காரியம் செய்தாள்.
நான் இன்று முழுக்க வீட்டில்தான் இருந்தேன்.