எட்டுச் சுற்று

தம்பி,

இன்று காலை பூஜைக்குச் சந்தனம் உரைத்தேன். கல்லில் இரண்டு இழுப்பு இழுத்ததும் வாசனை எழுந்தது; மனதில் வந்து நின்றதோ கார் சக்கரம். வேறு யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். அறந்தாங்கி தாண்டி ஒரு புளியமரத்தடியில் நான் செய்த தப்பு வெளிப்பட்டதை நீங்கள் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. நேற்று நடந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டுமென்றால் அதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

ஜெகதாப்பட்டினம் ஐஸ் பிளான்டில் கம்ப்ரசர் பார்த்துக்கொண்டிருந்த நீங்கள் அந்த நீலக் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கி வந்தீர்கள். வேகத்துக்கென்றே செய்த வண்டி. உங்கள் அண்ணன் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "உருவம் சின்னது, உறுமல் பெருசு. ஒன்னைய மாதிரியேதான்டா இருக்கு" என்றார்.

அகலமான டயர் மாட்டினீர்கள். அது உள்பக்கம் உரசியது. சக்கரத்தைக் கொஞ்சம் வெளியே தள்ளி வைக்க ஸ்பேசர் வரவழைத்தீர்கள். டிபன் தட்டு அளவில் அலுமினிய வளையங்கள் நான்கு. சக்கரத்துக்கும் அதைத் தாங்கும் ஹப்புக்கும் நடுவே அவை உட்கார வேண்டும். முன்னால் இரண்டுக்கு மூன்று மில்லி கனம், பின்னால் இரண்டுக்குப் பத்து மில்லி.

"கம்பெனிக்காரன் படிச்சுட்டுத்தானே செஞ்சிருக்கான்? அவனுக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிருச்சாக்கும்?" என்றார் உங்கள் அண்ணன்.

"அதுக்குத்தாண்ணே, கூட வந்த காகிதத்த ஒரு எழுத்து விடாமப் படிக்கணும்ங்கிறேன். மதினி, நீங்க படிங்க. எனக்குக் கையெல்லாம் கிரீஸு."

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். மருந்து அட்டையையும் உங்கள் மகள் கயலின் பாடப் புத்தகத்தையும் வைத்து நானாகக் கற்றுக்கொண்ட இங்கிலீஷ். எழுத்துக்கூட்டி வாசித்தேன். ஹப்பின் முகம் துருவில்லாமல், தூசியில்லாமல் இருக்க வேண்டும். நடுவில் இருக்கும் விளிம்பில் வளையம் ஆடாமல் உட்கார வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று அடுக்கக் கூடாது. நட்டைக் கையால் திருகும்போது போல்ட்டில் போதுமான அளவு மரை பிடிக்க வேண்டும். அதை மட்டும் நீங்கள் கணக்குப் போட்டு, நம் வண்டிக்குக் குறைந்தது எட்டுச் சுற்று என்றீர்கள்.

"நவகிரகத்தச் சுத்துறப்போ ஒம்பது எண்ணுறீங்கல்ல மதினி, அதே மாதிரி எண்ணுங்க. எனக்குப் பேசிக்கிட்டே எண்ண வராது."

திருவரங்குளம் கோயிலில் நான் ஒருநாளும் சுற்று தவறியதில்லை. அன்றும் தவறவில்லை. முன்சக்கரத்தில் எட்டு வந்தது. பின்சக்கரத்தில் நாலோடு நின்றது. வளையம் தடித்ததால் போல்ட்டின் நீளம் போதவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது.

"இறுகித்தானே இருக்கு?" என்று கேட்டேன்.

"நாலு சுத்துப் பிடிச்ச நட்டு தூரத்துச் சொந்தக்காரன் மாதிரி மதினி. கல்யாணத்துக்கு வருவான், கஷ்டத்துக்கு வரமாட்டான்."

அப்படியே கழற்றி வைத்துவிட்டீர்கள். நீள போல்ட் வந்து சேர மூன்று வாரம் ஆனது. நடுவில் ஆயுதபூஜை வந்து போனது. ஊரில் இருந்த சைக்கிள் வரைக்கும் ஓடியது. நம் வீட்டுக் கார் மட்டும் ஜாக்கியின் மேல் நின்றது. ஊரே கேலி செய்தும் நீங்கள் அதைக் கீழே இறக்கவில்லை. இன்சூரன்ஸ்காரர்களிடமும் வளையத்தைப் பற்றிச் சொல்லி எழுதி வாங்கிக்கொண்டீர்கள்.

நீள போல்ட்டைப் பின்னால் ஏற்றி, நான்கு ஹப்பையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து வைத்துவிட்டுக் காப்பி குடிக்க உள்ளே போனீர்கள். அந்த நேரத்தில்தான் அதைச் செய்தேன். புதுப் பொருளுக்குப் பொட்டு வைக்காமல் எப்படி மாட்டுவது? வளையத்துக்கு நாலு இடமாகக் கெட்டிச் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். வண்டியைத் தாங்கப்போகிற முகம் இதுதானே என்று ஹப்பில் ஒட்டும் பக்கமாகப் பார்த்து வைத்தேன். வெயிலில் காய்ந்தது. மறுபக்கம் உங்களுக்குத் தெரியும்படி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்ததும் நான்தான்.

ஐந்து நட்டை நட்சத்திரக் கோலம் இழுக்கிற வரிசையில் இறுக்கினீர்கள். ஒன்றை விட்டு ஒன்று. கடைசியாக டார்க் ரெஞ்சு. வைத்த அளவுக்கு இறுகியதும் 'டக்' என்று சொல்லும் சாவி அது. வேலை முடிந்ததும் அதன் பிடியைத் திருகித் தளர்த்தினீர்கள். "இறுக்கியே வச்சிருந்தா அதுக்கு அளவு மறந்துரும் மதினி."

மாட்டிய பின் ஐம்பதாவது கிலோமீட்டரில் நட்டுகளை மறுபடி சோதிக்க வேண்டும் என்று காகிதத்தில் இருந்தது. மீமிசலுக்குப் போனால் மீனும் ஆச்சு, சோதனையும் ஆச்சு என்று கிளம்பினோம். கயல் என் மடியில் இருந்தாள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. அறந்தாங்கி தாண்டியதும் நீங்கள் பேச்சை நிறுத்தினீர்கள். ஸ்டியரிங்கில் லேசான நடுக்கம். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"அம்பதுக்கு இன்னும் கொஞ்சம் இருக்கேடா" என்றார் உங்கள் அண்ணன்.

"அம்பதுங்கிறது நம்ம கணக்குண்ணே. வண்டி இப்பவே கேக்குது."

புளியமரத்தடியில் நிறுத்தி, முன்பக்க இடது சக்கரத்தில் ரெஞ்சை வைத்தீர்கள். 'டக்' வரவில்லை. நட்டு கால் சுற்று ஓடிய பிறகுதான் வந்தது. அடுத்ததும் அப்படியே. சக்கரத்தையும் வளையத்தையும் கழற்றினீர்கள். ஹப்பின் முகத்தில் மஞ்சள் பொடியாக நொறுங்கிக் கிடந்தது என் சந்தனம். அது நசுங்க நசுங்க, நட்டு தளர்ந்திருக்கிறது.

உங்கள் அண்ணன் என்னைப் பார்த்தார். "சாமி கும்புடுறேன்னு எங்களச் சாமிக்கிட்டயே அனுப்பப் பாத்தியா?"

அத்தனை தூரமும் என் மடியில் இருந்தது உங்கள் பிள்ளை. நீங்கள் துண்டை நனைத்து ஹப்பைத் துடைத்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னீர்கள்:

"விடுண்ணே. மதினி, சாமி டாஷ்போர்டுல இருக்கட்டும். இரும்புக்கும் இரும்புக்கும் நடுவுல ஒண்ணும் வேணாம்."

நாலு சக்கரத்தையும் அந்த மரத்தடியிலேயே கழற்றித் துடைத்து மாட்டினீர்கள். நட்டுகளை எண்ணும் வேலையை அப்போதும் எனக்கே கொடுத்தீர்கள். அதை நான் மறக்கவில்லை, தம்பி. தப்பு செய்தவளை ஓரமாக உட்கார வைக்கவில்லை நீங்கள். மீமிசல் போய்ச் சேர்ந்தபோது நல்ல மீனெல்லாம் போய்விட்டது. மிஞ்சிக் கிடந்த காரப்பொடி மீனை வாங்கிக்கொண்டு திரும்பினோம். அன்று முதல் என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம் அந்தச் சக்கரங்களுக்கு. எந்த வளையம் எங்கே, எத்தனை சுற்று, எந்தக் கிலோமீட்டரில் சோதித்தது, எல்லாம் அதில் இருக்கிறது.

அந்தக் கார் உங்களை ஒன்றும் செய்யவில்லை. காமாலைதான் கொண்டு போனது. போய் இரண்டு வருடம் ஆகிறது. காரை விற்றுவிடலாம் என்றார் அண்ணன். கயல் சாவியைக் கொடுக்கவில்லை. கோயம்புத்தூர் பந்தயத் தளத்தில், ஒவ்வொருவராக ஓட்டி நேரம் பார்க்கும் போட்டிக்குப் பெண்கள் பிரிவில் பெயர் கொடுத்திருந்தாள். போன வாரம் டவுனில் புது டயர் மாற்றி வந்தாள். நேற்று சனிக்கிழமை காலை கிளம்ப வேண்டும். சாயந்திரத்துக்குள் அங்கே வண்டியைச் சோதனைக்குக் காட்ட வேண்டும்.

எட்டரைக்குள் நல்ல நேரம். கயலின் அம்மா உள்ளே சோறு கட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டார். நான் நோட்டோடு வெளியே வந்தேன்.

"ஏங்க, சக்கரத்தைக் கழட்டுங்க."

"இப்பயா? நல்ல நேரம் போயிரும்."

"போகட்டுங்க."

ராகு காலத்தில் கேஸ் சிலிண்டரைக் கூட வாசல் தாண்டி விடாதவள் சொல்கிறாளே என்று அவர் அப்படியே நின்றார்.

"பெரியம்மா, கடையில மிஷின் வச்சு இறுக்கியிருக்காங்க" என்றாள் கயல்.

"மிஷினுக்கு இறுக்கத் தெரியும். எண்ணத் தெரியுமா?"

முன்பக்க இடது சக்கரத்தில் ஆரம்பித்தோம். ரெஞ்சால் இறுக்கத்தைத் தளர்த்திவிட்டு, நட்டைக் கையால் நான் அவிழ்த்தேன். வாய்விட்டு எண்ணினேன். ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவதில் நட்டு என் கையோடு வந்துவிட்டது.

கயல் சிரித்தாள். "தப்பா எண்ணியிருப்பீங்க பெரியம்மா." அடுத்ததை அவளே அவிழ்த்தாள். நாலு. அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை.

சக்கரத்தை எடுத்துப் பார்த்தால், உள்ளே பத்து மில்லி வளையம். டயர் மாற்றும்போது கடையில் முன்வளையத்தைப் பின்னாலும், பின்வளையத்தை முன்னாலும் மாற்றிப் போட்டுவிட்டிருக்கிறார்கள். நீள போல்ட் பின்னால்தானே இருக்கிறது. முன்சக்கரம் இரண்டும் நாலே சுற்றில் தொங்கிக்கொண்டு பந்தயத்துக்குப் போகப் பார்த்தன. உங்கள் அண்ணன் குனிந்து அந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். அடுத்த சக்கரத்துக்கு ஜாக்கியை நகர்த்தினார்.

ஹப்பைத் துடைத்தோம். வளையத்தை அதனதன் இடத்தில் வைத்து, விளிம்பில் உட்கார்ந்ததா என்று விரலை ஓட்டிப் பார்த்தேன். இருபது நட்டையும் கையாலேயே ஏற்றினோம். எட்டுக்குக் குறைந்தது ஒன்றும் இல்லை. நட்சத்திர வரிசையில் கயல் இறுக்கினாள். இருபது 'டக்'.

முடித்தபோது மணி ஒன்பதே கால். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ராகு காலம் பிறந்துவிடும்.

"இனிமே பத்தரைக்கு மேலதான்" என்றார் அண்ணன்.

"அப்படின்னா அவ சாயந்திரத்துக்குள்ள போய்ச் சேர விரட்டித்தான் ஓட்டணும். இப்பவே கிளம்பட்டும். மெதுவாப் போகட்டும்." என் வாயிலிருந்துதான் வந்தது. டாஷ்போர்டில் சந்தனம் வைத்தேன். பொட்டு அங்கே மட்டும்.

கார் திரும்பியதும் சாமி முன்னால் உட்கார்ந்தேன். உங்கள் பிள்ளையை ராகு காலத்தில் அனுப்பிவிட்டு, நவகிரகத்தை மனதுக்குள் சுற்றினேன். நேற்றுதான் முதல்முறையாக எண்ணிக்கை தவறியது. முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

பத்தரைக்கு போன் வந்தது. "பெரியம்மா, திருச்சிக்கு முன்னாடி பங்க்ல நிறுத்தியிருக்கேன். அம்பத்திரண்டு கிலோமீட்டர். கேளுங்க."

போனைச் சக்கரத்தருகில் வைத்துவிட்டாள். லாரிச் சத்தத்துக்கு நடுவே ஒவ்வொன்றாக வந்தது. டக். டக். நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். இருபது கோடு. ஒன்று கூட இடத்தை விட்டு நகரவில்லை என்றாள்.

"சரிம்மா, பாத்துப் போ" என்றேன்.

"இருங்க பெரியம்மா." ஏதோ திருகும் சத்தம் கேட்டது. "ரெஞ்சத் தளர்த்தி வச்சுட்டேன். அளவு மறந்துரும்ல."

அதை நான் அவளுக்குச் சொன்னதில்லை, தம்பி.