எல்ஜின் மேப்ரி சுவரில் ஏறிய கதை

1994 மார்ச் 8, செவ்வாய்

என் வீட்டுக்காரர் எல்ஜின் இறந்து மூன்று வருடம் ஆகப்போகிறது. இன்றைக்குத்தான் அவருக்குப் பெரிய மனிதர் பதவி கிடைத்தது. பிலடெல்பியாவில், எங்கள் தெருமுனையில் மூடிக் கிடக்கிற மெத்தைக் கடையின் பக்கச் சுவர் முழுக்க அவர் படத்தை வரையப் போகிறார்களாம். மூன்று மாடி உயரத்துக்கு. இதே தெருவில் மூன்றாம் மாடியில்கூட அவரைக் குடிவைக்க ஆள் இல்லாத காலம் ஒன்று உண்டு என்று சொல்ல வாய் வந்தது. வந்தவர்கள் நான் சுட்ட கேக்கை ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், விட்டுவிட்டேன்.

இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் பேராசிரியர் விட்லாக். எல்ஜின் சாக்ஸபோன் வாசித்த பழைய ஜாஸ் இசைத்தட்டுகள் மறுபடி வெளிவந்தபோது அட்டையில் கட்டுரை எழுதியவர். இன்னொருவர் எங்கள் சபைப் போதகர் குட்லோ. ஒருவருக்கு ஜாஸ் தெரியும், இன்னொருவருக்குக் கர்த்தரைத் தெரியும். எல்ஜினை இருவருக்கும் தெரியாது.

விட்லாக் பேனாவைத் திறந்துகொண்டு கேட்டார். "அந்த நாட்களைப் பத்திச் சொல்லுங்க, மிஸஸ் மேப்ரி. அவர் ஹெராயின் ஊசிக்கு அடிமையா இருந்தப்போ..."

"அப்போ நான் அவரைப் பார்த்ததே இல்லையே. நான் பார்க்கும்போது அவர் அதை விட்டு ரெண்டு வருஷம் ஆயிடுச்சு."

"ஓ" என்றார். பேனாவை மூடிவிட்டார்.

மார்ச் 10

அந்த இசைத்தட்டு அட்டையை எடுத்துப் படித்தேன். "1961-இல் மேப்ரியின் கதை முடிகிறது" என்று எழுதியிருக்கிறார் விட்லாக். எல்ஜின் ஊசியை விட்ட வருடம் அது. நான் அவரைக் கட்டிக்கொண்டது 1969-இல். அப்படியானால் இருபத்திரண்டு வருடம் நான் யாரோடு குடித்தனம் நடத்தினேன்?

மார்ச் 17, வியாழன்

சபையின் கீழ்த்தளத்தில் சுவர்ப் படத்துக்கான குழு கூடியது. இரண்டு வரைபடங்களை மேசையில் விரித்தார்கள்.

விட்லாக் கொண்டுவந்ததில் எல்ஜின் கண்ணை மூடிக்கொண்டு, கன்னம் ஒட்டி, புகைக்கு நடுவில் நிற்கிறார். ஊசி ஒன்று கையிலிருந்து கிளம்பிப் பறவையாகிப் பறந்து போகிறது. போதகர் கொண்டுவந்ததில் எல்ஜின் முழங்காலில் நிற்கிறார். மேலிருந்து வெளிச்சம் விழுகிறது.

"சாக்ஸபோன் எங்கே, போதகரே?"

"மனந்திரும்பின ஆளுக்கு அது எதுக்கு, சகோதரி வெர்னா?"

மனந்திரும்பிய பிறகும் தினமும் காலையில் கார் கொட்டகையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரே ஸ்வரத்தை அரைமணி நேரம் ஊதியவர் அவர். பக்கத்து வீட்டு நாய்தான் மனந்திரும்பி வேறு வீடு பார்த்துப் போனது.

நான் கொண்டுபோன போட்டோவைக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அவர் வாசித்த ஓட்டலில் எடுத்தது. கம்பளிச் சட்டை, தொப்பை, கழுத்தில் சாக்ஸபோன். கட்டுப்பல் தெரிய வாயெல்லாம் சிரிப்பு. யாருக்கும் பிடிக்காத பலகாரத் தட்டு மாதிரி அது மேசையைச் சுற்றி வந்து என்னிடமே சேர்ந்தது.

"ரொம்ப... சந்தோஷமா இருக்காரே" என்றார் விட்லாக், நோயைக் கண்டுபிடித்த டாக்டர் குரலில். பிறகு, "குறையாச் சொல்லலை. ஆனா பிற்கால வாசிப்புல அந்த வலி இல்லை. உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்."

எனக்கு என்ன தெரியும்? நான் பல் வைத்தியரிடம் பல் சுத்தம் செய்யும் வேலையில் இருந்தவள். எல்ஜினை முதன்முதலில் பார்த்தபோது அவர் வாய் திறந்திருந்தது, பேச முடியவில்லை. எங்கள் தாம்பத்தியத்திலேயே நான் முழுக்கப் பேசி முடித்தது அன்றைக்கு ஒருநாள்தான்.

வலியைப் பற்றிக் கேட்க, நியூவார்க்கிலிருந்து முதல் மனைவி இமோஜீனை அழைப்பது என்று முடிவாயிற்று.

மார்ச் 18

எனக்கு மிச்சம்தான் கெடச்சுதா? சாப்பாட்டுக்கடை மூடுற நேரத்துல போய், அடிப்பானையில ஒட்டினதை வாங்கிட்டு வந்தவளா நான்?

காலையிலிருந்து இதுதான் ஓடுது. அந்த விட்லாக் சொல்றது நெசமா இருந்தா— பல்லு கட்டிவிட்டு, வேளாவேளைக்குச் சோறு போட்டு, ஒரு மேதையை நானே கொன்னுட்டேனா?

அவர்கிட்ட ஒருதடவையாவது கேட்டிருக்கலாம். கேட்கலை. பயம்.

ஏப்ரல் 2, சனி

இமோஜீன் வந்தாள். சின்ன உருவம், பெரிய தொப்பி, கைத்தடி. அவளை அழகி என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். எழுபது வயதிலும் அந்தச் செய்தி பொய்யாகவில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது.

கூட்டத்தில் விட்லாக் அவளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். 1959-இல் வந்த, எல்ஜினின் பேர்பெற்ற இசைத்தட்டைப் பற்றிக் கேட்டார். அதில் மெதுவான பாட்டு ஒன்றின் கடைசியில் ஒரு நீண்ட ஸ்வரம் விம்மி, பாதியில் அறுந்துபோகும். உலகம் முழுக்க அதற்காக அழுதிருக்கிறது. அடிமைப்பட்ட ஓர் ஆன்மாவின் கேவல் என்று விட்லாக் அதற்கு மட்டும் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார்.

"அதுவா?" என்றாள் இமோஜீன். "அது பல்லு."

"என்ன சொன்னீங்க?"

"கடைவாய்ப்பல்லுப்பா. சீழ் கட்டிக் கன்னம் இம்மாம் பெருசா வீங்கிக் கெடந்துச்சு. அழுத்தி ஊதினான், உயிர் போயிருச்சு, நிறுத்திட்டான். திரும்ப வாசிக்கச் சொன்னாங்க. போங்கடான்னுட்டு வந்துட்டான்."

"ஆனா அப்போ அவர் ஹெராயின்ல..."

"எங்க அம்மா அவனை ரூம்ல போட்டுப் பூட்டி வெச்சிருந்த நேரம் அது. ஒரு மாசத்துக்கு மேல தொடலை. தொட்டிருந்தா பல்லு வலிச்சே இருக்காதே, தம்பி. அதுக்குத்தானே அதைப் போடுறதே."

போதகர் மெல்ல, "அப்ப அந்தத் தட்டு எல்ஜின் போதையில்லாம சுத்தமா இருந்தப்போ வாசிச்சதுன்னு ஆகுது. தேவனுக்கு மகிமை" என்றார்.

"அவருக்கும் பல்லுக்கும்" என்றாள் இமோஜீன்.

விட்லாக் தோற்றுப்போவார் என்று நினைத்தேன். தோற்கிற ஆளா? கண்கள் பளபளக்க எழுதிக்கொண்டே இருந்தார். "அப்படின்னா மரத்துப்போக வழியிருந்தும் வலியை முழுசா ஏத்துக்கிட்டு வாசிச்சிருக்கார்..." என்று முணுமுணுத்தது என் காதில் விழுந்தது.

ஏப்ரல் 3, ஈஸ்டர்

இமோஜீன் நேற்று இங்கேயே தங்கினாள். ஆராதனை முடிந்து வந்து, பன்றித்தொடைக் கறியும் கீரையும் சாப்பிட்டோம். கீரையில் உப்பு கம்மி என்றாள். எல்ஜினும் அதைத்தான் சொல்வார். இருவரில் யார் யாரிடம் கற்றார்களோ.

பிறகு தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னாள். "அவன் விட்டதுக்கு அப்புறம் வாசிச்சதை நான் கேட்டதே இல்லை. உன்கிட்ட டேப் இருக்கா?"

ஓட்டலில் பதிவு செய்ததைப் போட்டேன். நாலாபக்கமும் தட்டும் கரண்டியும் மோதுகிற சத்தம், நடுவில் எல்ஜின். இமோஜீன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, டேப் தீரும்வரை அசையாமல் இருந்தாள்.

"சொல்லிடு" என்றேன். "வலி இல்லைதானே? மெதுவாயிட்டார்தானே?"

"மெதுவா?" ஏதோ கெட்ட வார்த்தை கேட்டதுபோலப் பார்த்தாள். "அந்தப் பியானோக்காரன் நடுவுல தடுமாறினானே, கேட்டியா? எல்ஜின் நின்னான். அவன் சுதாரிச்சு வர்ற வரைக்கும் ஒரே ஸ்வரத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். என்கூட இருந்தப்போ அவன் யாருக்காகவும் நின்னது கெடையாதுடி. மேடையிலயும் சரி, வீட்டுலயும் சரி. பறந்துடுவான். கூட வாசிக்கிறவன் செத்தானா பொழச்சானான்னு திரும்பிப் பார்க்கமாட்டான்."

டேப்பைக் கையால் காட்டி, "திருப்பிப் போடு" என்றாள்.

நான் அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். குழாய்ச் சத்தத்தில் கேட்காது என்று நினைப்பு. "தண்ணிய வீணாக்காதே" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

மே 12

விட்லாக் பத்திரிகையில் புதுக் கட்டுரை எழுதியிருக்கிறார். தலைப்பில் பல் இருக்கிறது. நாலு பக்கம். ஒரு வரிகூட எனக்கு விளங்கவில்லை.

ஜூன் 18, சனி

சுவரைத் திறந்து வைத்தார்கள். கவுன்சிலர் வந்தார், எல்ஜினின் பெயரைத் தவறாகச் சொன்னார். போலீஸ்காரர்கள் போக்குவரத்தை நிறுத்தி எல்ஜினுக்கு வழிவிட்டார்கள். முன்பு அவரை வேறு விதமாக நிறுத்தியவர்கள்.

படத்தில் கண் மூடியிருக்கிறது. புகை இருக்கிறது. போதகருக்காகப் புகைக்குள் சிலுவை மாதிரி ஒரு வெளிச்சம். பறவை இருக்கிறது, ஊசி போய்விட்டது. இடது கன்னம் லேசாக வீங்கியிருக்கிறது. அது விட்லாக்கின் ஏற்பாடு. கீழே பலகையில் "எல்ஜின் மேப்ரி, 1928–1961".

"அறுபத்தொண்ணா?" இமோஜீன் கைத்தடியால் பலகையைத் தட்டினாள். "அப்ப இவளைக் கட்டினது யாரு, ஆவியா?"

விட்லாக் ஓடிவந்தார். "அது படைப்பு வாழ்க்கையைக் குறிக்குது, மேடம்."

பேசச் சொல்லி என்னிடம் மைக்கைக் கொடுத்தார்கள். மார்ச் மாதமாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன். "வந்ததுக்கு நன்றி. வெயில் ஜாஸ்தியா இருக்கு, எல்லாரும் எலுமிச்சை ஜூஸ் குடிச்சிட்டுப் போங்க" என்றேன். நிறையக் கைதட்டினார்கள். துக்கத்தை அடக்கிக்கொண்டு பேசியதாகப் போதகர் பாராட்டினார்.

ஜூலை 10, ஞாயிறு

நியூவார்க்கில் இமோஜீனின் கட்டடத்தில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. கோடை முடியும்வரை என்று என் வீட்டுப் பின்னறையில் இருக்கிறாள். இன்றைக்குத் திரைச்சீலை வாங்கி மாட்டினாள். கோடைக்கு வந்தவள் மாட்டுகிற திரைச்சீலை மாதிரி அது இல்லை.

மதியம் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தோம். "அவனைப் பத்தி ஏதாவது சொல்லு" என்றாள்.

ஓட்டலில் ஒருநாள் நியூயார்க்கிலிருந்து பெரிய ஆட்கள் வந்து அவர் வாசிப்பைக் கேட்ட கதையை ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அது வேணாம். என்கிட்ட இருந்தப்போ தெனம் ஏதாவது நடக்கும். போலீசு, ஆஸ்பத்திரி, அடகுக்கடை. ஒண்ணுமே நடக்காத ஒருநாளைச் சொல்லு."

யோசித்தேன். ஒரு சனிக்கிழமை நானும் அவரும் தோட்டத்துக்கு ரப்பர் குழாய் வாங்கப் போனதைச் சொன்னேன். பச்சையா கறுப்பா என்று கடையில் நின்று பேசியது. பச்சை வாங்கியது. வழியில் வேர்க்கடலை வாங்கித் தின்றது. வீட்டுக்கு வந்து அதைக் குழாயில் மாட்டி, தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விட்டது. அவ்வளவுதான்.

பீன்ஸைக் கையிலேயே பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒழுகுச்சா?"

"இல்ல. நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்புறம்?" என்றாள்.