மோட்டார் கொட்டகையில் நான் திருப்பிய சுவிட்ச்

பாபநாசம்,
26.6.2024

அன்புள்ள சுடர்விழிக்கு,

தங்கையன் மாமா எழுதிக்கொள்வது. இங்கே உன் அம்மா ரெங்கம்மாள் சுகமாக இருக்கிறார். உன் அப்பாவுக்கு வலது கைக் கட்டைப் பிரித்துவிட்டார்கள். புண் காய்ந்துவிட்டது. மிச்சமுள்ள மூன்று விரல்களால் காபி டம்ளரைப் பிடித்துப் பழகிக்கொண்டிருக்கிறார். இரண்டு நாளாகச் சிந்தாமல் குடிக்கிறார். ஹைதராபாத்தில் உனக்கு உடம்பு நன்றாக இருக்கிறதா?

கையில் போன் இருக்கும்போது மாமா ஏன் கடுதாசி எழுதுகிறார் என்று யோசிப்பாய். போன வாரம் உனக்கு மூன்று தடவை வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். நீ கேட்பதற்குள் மூன்றையும் அழித்தேன். "என்ன மாமா, போடுறீங்க, அழிக்கிறீங்க. அத்தைக்கு அனுப்ப வேண்டியதா?" என்று கேலியாகக் கேட்டிருந்தாய். உனக்கு அனுப்ப வேண்டியதுதான். தபால் பெட்டிக்குள் போனதை என்னால் அழிக்க முடியாது. அதனால்தான் இது.

விபத்தன்று அப்பாவை என் காரில் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதற்காக எத்தனையோ தடவை நன்றி சொல்லிவிட்டாய். ஒவ்வொரு தடவையும் "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லி வாங்கிப் போட்டுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை நீ அப்பாவிடம் பேசியபோது நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தார். "ஒரு சுவிட்ச அணைக்கத் தெரியல, உனக்கு எதுக்குப்பா இனிமே விவசாயம்? ஏழாந்தேதி வர்றேன், துணிமணிய எடுத்து வை" என்றாய். அவர் "சரி பாப்பா" என்றார். 

சுடர், உன் அப்பா சுவிட்சை அணைத்துத்தான் வைத்திருந்தார்.

போனிலிருந்தே மோட்டாரைப் போடும் அந்த ஸ்டார்ட்டரை இந்த வட்டாரத்தில் முதலில் விற்றவன் நான். பதினாலு வயதில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் பட்டறையில் சேர்ந்து, பிறகு சொந்தக் கடை வைத்தவன். எது ஓடும், எது ஓடாது என்று தெரிந்துதான் விற்றேன். இப்போதும் பொருளைக் குறை சொல்ல மாட்டேன். மும்முனை கரண்ட் எப்போது வரும் என்று காத்துக் கிடந்து, பாம்புக்கும் சேற்றுக்கும் பயந்து வரப்பில் ஓடியவர்களெல்லாம் இன்று வீட்டில் படுத்தபடி ஒரு மிஸ்டு கால் கொடுக்கிறார்கள். உன் அப்பாவே, "முதலாளி, இது வந்தப்புறந்தான் நான் முழுசாத் தூங்குறேன்" என்றார். அது பொய்யில்லை.

வைகாசிப் பாதியில் நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்த சமயம். உன் அப்பா குத்தகைக்குச் செய்வது என் வயல், மோட்டாரும் என்னுடையது என்பதால் ஸ்டார்ட்டரில் அவர் நம்பரோடு என் நம்பரையும் ஏற்றியிருந்தேன். அன்று காலை அவர் போன் செய்தார். "பெல்ட்டு நழுவுதுங்க. மூணு மணிக்கு மேல மாத்தப் போறேன். நீங்க பாட்டுக்குப் போட்டுடாதீங்க" என்றார். கடையில் கூட்டம். "சரி, சரி" என்றேன்.

மூன்றரை மணிக்குக் கீழ்வேளூரிலிருந்து அஹமது கபீர் என்று ஒரு பாய் வந்தார். நிலம் நீச்சு உள்ளவர். ஸ்டார்ட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இங்கேருந்து போன் போட்டா அங்க ஓடிடுமாக்கும்" என்று சிரித்தார். வாங்க வந்தவர் சந்தேகப்பட்டால் நான் செய்கிற வேலை ஒன்று உண்டு. அவர் கண்ணெதிரே என் வயல் ஸ்டார்ட்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைப்பேன். மோட்டார் ஓடத் தொடங்கிவிட்டது என்று ஒரு பெண் குரல் சொல்லும். அரை நிமிடத்தில் அணைத்துவிடுவேன். வாரத்துக்கு நாலு பேருக்காவது காட்டுவேன். அன்றும் காட்டினேன். பாய் "அட" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த நேரத்தில் பதினோரு கிலோமீட்டருக்கு அப்பால் உன் அப்பாவின் கை பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருந்தது.

பழைய சுவிட்சாக இருந்தால் நான் கொட்டகைக்குள் போய்த்தான் போட்டிருக்க வேண்டும். போயிருந்தால் அந்தக் கையைப் பார்த்திருப்பேன்.

மெயின் சுவிட்சை இறக்கியிருக்கலாமே என்று கேட்பாய். அதன் கைப்பிடி இறுகிப்போய் வெகு நாளாயிற்று. மாற்றித் தரச் சொல்லி என்னிடம் இரண்டு தடவை கேட்டார். கரண்ட் வந்ததும் மோட்டார் தானே கிளம்புவதற்கு ஸ்டார்ட்டரில் ஆட்டோ என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. "அத அணைச்சாப் போதும் காத்தான். அப்புறம் நம்ம போன் இல்லாம ஓடாது" என்று உன் அப்பாவிடம் சொன்னவன் நான்தான்.

இதுவரைக்கும் மறதி என்று சொல்லிக்கொள்ளலாம். இனி எழுதுவது மறதியில்லை.

உன் அம்மா அலறிக்கொண்டு போன் செய்ததும் காரை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவரையும் உன் அம்மாவையும் கடை டிரைவரோடு ஏற்றி அனுப்பிவிட்டு, கொட்டகையைப் பூட்டப் போனேன். ஆட்டோ சுவிட்ச் அணைந்திருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மோட்டார் தானாகக் கிளம்பியிருக்க முடியாது. போனில் போட்டவன் நான். சுற்றிலும் பார்த்தேன். உள்ளே ஒருவரும் இல்லை. சுவிட்சை ஆட்டோவுக்குத் திருப்பினேன். பிறகு வெளியே நின்றிருந்த நாலு பேரைக் கூப்பிட்டு, "பாருங்க, ஆட்டோவுலயே விட்டுட்டாரு" என்று காட்டினேன்.  கடையில் ஒரு பழுதுச் சாமானைப் பின்வரிசையில் தள்ளி வைப்பதுபோல் செய்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் உன் அப்பா, "அணைச்ச மாதிரிதாங்க ஞாபகம்" என்றார். "இல்ல காத்தான், நானே பாத்தேன்" என்றேன். அவர் என்னை நம்பினார், தன் ஞாபகத்தை நம்பவில்லை. இப்போதெல்லாம் மாத்திரை போட்டோமா, கதவைச் சாத்தினோமா என்று எல்லாவற்றுக்கும் உன் அம்மாவைக் கேட்கிறார். வயலில் எந்த மடை எப்போது திறந்தது என்று வருஷக்கணக்கில் சொல்லக்கூடிய மனிதர் அவர். விரல் போனது என் அலட்சியத்தால். இது போனது என் புத்தியால்.

நேற்று இந்த இடம் வரைக்கும் எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன். உன்னிடம் சொல்லிவிட்டால் நீயே அவரிடம் சொல்லிக்கொள்வாய் என்று திட்டம் போட்டிருந்தேன். கெட்ட சரக்கை அடுத்தவர் தலையில் கட்டுகிற அதே புத்தி. அதனால் இன்று காலை உங்கள் வீட்டுக்குப் போனேன். ரெங்கம்மாள் ரேஷன் கடைக்குப் போயிருந்தார். ஒன்றையும் விடாமல் சொன்னேன்.  உன் அப்பா, "அந்த பாய் வாங்குனாரா?" என்று கேட்டார். ரெண்டு வாங்கினார் என்றேன். "ம்" என்றார். அடித்திருந்தால் தேவலை.

நான் எழுந்தபோது, "பாப்பாகிட்ட சொல்லிடாதீங்க. அது சும்மா விடாது. எனக்கு நடவு கெடக்கு" என்றார். எங்கே நான் வயலைத் திருப்பி வாங்கிக்கொள்வேனோ என்று பயப்படுகிறார். விரலை இழந்தவர், இழக்க வைத்தவனைப் பார்த்துப் பயப்படுகிறார். குத்தகையை இத்தனை வருஷம் வாய்ப்பேச்சாகவே வைத்திருந்தது என் சௌகரியத்துக்குத்தான். எழுதிப் பதிவு செய்து தருகிறேன் என்றேன். 

அவர் சொன்னதை மீறித்தான் இதைத் தபாலில் சேர்க்கிறேன். போலீசுக்குப் போவதென்றால் இதையே கொண்டு போ. கீழே என் கையெழுத்து இருக்கிறது, மறுக்க மாட்டேன். இனி என்னை மாமா என்று கூப்பிடுவாயா என்று கேட்க எனக்கு வாயில்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஏழாம் தேதி வா. உன்னோடு வர அவருக்கு இஷ்டமிருந்தால் கூட்டிக்கொண்டு போ. சுவிட்சை அணைக்கத் தெரியாதவர் என்று சொல்லிக் கூட்டிப் போகாதே. இது கைக்குக் கிடைத்த அன்றே அவருக்குப் போன் செய். என்னைப் பற்றிப் பேச வேண்டாம். உனக்கு ஞாபகம் சரியாகத்தான் இருக்கிறதப்பா என்று மட்டும் சொல். நானும் சொன்னேன், தலையாட்டினார். ஆனால் நான் வெளியே வந்து செருப்பை மாட்டும்போது, "நெசமாவே அணைச்சிருந்தேனா?" என்று உள்ளேயிருந்து கேட்டார். நீ சொன்னால் நம்புவார்.

நீ ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும் அம்மா.

இப்படிக்கு,
தங்கையன்