பட்டியலில் தெரிந்த டிஸ்க்

பிப்ரவரி 3

பாப்பாவின் அப்பாவுக்கு,

நானும் பாப்பாவும் நலம். நீங்கள் இரண்டு தடவை போன் செய்தீர்கள், நான் எடுக்கவில்லை. போனில் நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அதை நீங்கள்தான் முடிக்கிறீர்கள். எழுதினால் முடிவு வரைக்கும் நானே போய்ச் சேரலாம் என்று பார்க்கிறேன். அதனால் இனி மின்னஞ்சல்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய கம்ப்யூட்டர் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. பாகங்களை வாங்கி நானே புதிதாக ஒன்றைப் பூட்டியிருக்கிறேன். சிரிக்காதீர்கள். ஊரெல்லாம் ‘கம்ப்யூட்டர் டாக்டர்’ என்று கூப்பிடும் ஆளுக்குப் பக்கத்தில் நின்று இத்தனை வருஷம் டார்ச் பிடித்தவள் நான். விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது. சிஸ்டம் மட்டும் ஏற மாட்டேன் என்கிறது. சிஸ்டம் உள்ள பென் டிரைவைச் செருகினால் அதைச் சட்டை செய்யாமல், துவக்குவதற்கு எதுவும் இல்லை என்று கறுப்புத் திரையில் ஒரு வரி காட்டிவிட்டு நின்றுவிடுகிறது.

பழைய கம்ப்யூட்டரின் டிஸ்கைக் கழற்றி, புது டிஸ்கோடு சேர்த்து இதிலும் மாட்டியிருக்கிறேன். பார்வையில்லாத பிள்ளைகளுக்காக நான் வாசித்துப் பதிவு செய்த பாடங்கள் முழுக்க அதில்தான் இருக்கின்றன. வேறு நகல் கிடையாது. மார்ச் கடைசியில் அவர்களுக்குத் தேர்வு. அதற்குள் சரிபார்த்துப் பள்ளிக்கூடத்தில் கொடுத்தாக வேண்டும்.

மாதக் கடைசியில் வேலையை விட்டுவிட்டு இங்கேயே வந்துவிடப் போவதாகப் பாப்பாவிடம் சொல்லியிருக்கிறீர்கள். என்னிடம் சொல்லவில்லை. போனபோதும் அப்படித்தான், அந்த ஊர் ரிப்பேர் கடையில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரியும். இந்தக் கம்ப்யூட்டர் ஓடட்டும், நீங்கள் வருவதைப் பற்றிப் பேசுவோம். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா


பிப்ரவரி 4

என் அன்புக் குருவிக்கு,

நீ பூட்டிய கம்ப்யூட்டரா? நாலைந்து திருகாவது மிச்சம் இருக்குமே, பத்திரமாக எடுத்து வை. நான் வந்து அது எங்கே போக வேண்டியது என்று கண்டுபிடிக்கிறேன்.

இது ஒரு பிரச்சினையே இல்லை. ஆன் செய்த கையோடு டெலீட் பட்டனைத் தட்டிக்கொண்டே இரு. நீலத் திரை வரும். துவக்கும் வரிசையில் பென் டிரைவை முதலில் வை. பழைய முறையில் துவக்கலாமா என்று ஒரு இடத்தில் இருக்கும், அதை அணைத்துவிடு. சேமித்துவிட்டு வெளியே வா. பிறகு பார், குதிரை மாதிரி ஓடும்.

இங்கே வேலையை விடுவதாகச் சொல்லியாகிவிட்டது. உள் அறையில் என் மேசையைச் சன்னலோரமாகப் போட்டு வை. ரிப்பேர் வேலையை வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்வேன். இனிமேல் உனக்கு எந்தக் கவலையும் இல்லை.

அன்புடன்,
உன் டாக்டர்


பிப்ரவரி 6, காலை

பாப்பாவின் அப்பாவுக்கு,

நீங்கள் சொன்னது பலித்தது. பென் டிரைவ் கண் விழித்துவிட்டது. மொழி கேட்டது, சொன்னேன். எதில் நிறுவட்டும் என்று ஒரு பட்டியல் காட்டியது. அதில் ஒரே ஒரு டிஸ்க்தான் தெரிகிறது. அதைத் தொட்டால், இதைப் பிரித்திருக்கும் முறை பழைய வகை, இதில் நிறுவ முடியாது என்கிறது.

பாப்பாவுக்கு முந்தாநாளிலிருந்து காய்ச்சல். மருந்து கொடுத்தால் இறங்குகிறது, சாயங்காலம் மறுபடி ஏறுகிறது. பள்ளிக்கு அனுப்பவில்லை. கம்ப்யூட்டர் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டு, அது எப்போது பேசும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

உள் அறையில் மேசை போட முடியாது. தெருச் சத்தம் வராமல் இருக்கச் சன்னலில் பழைய மெத்தையை அடித்து வைத்திருக்கிறேன். நான் பாடம் வாசிப்பது அங்கேதான்.

பட்டியலில் இருப்பது எந்த டிஸ்க்? பழையது இல்லையே? இரண்டும் ஒரே அளவு, எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் கை வைக்கப் பயமாக இருக்கிறது.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா


பிப்ரவரி 6, மதியம்

அன்புக் குருவிக்கு,

இதற்கா இவ்வளவு நீளக் கடிதம்? தினம் பார்க்கிற கேஸ் இது. அந்தப் பட்டியல் திரையிலேயே ஷிப்டையும் எஃப் பத்தையும் சேர்த்து அழுத்து. கறுப்புப் பெட்டி வரும். டிஸ்க்பார்ட் என்று அடி. அந்த டிஸ்கைத் தேர்ந்தெடு. க்ளீன் என்று அடித்து என்டர் தட்டு. பெட்டியை மூடிவிட்டு நிறுவு. எந்தெந்த எழுத்தை அடிக்க வேண்டும் என்று தனிக் கோப்பாக இணைத்திருக்கிறேன், அப்படியே பார்த்து அடி.

கடையில் கூட்டம். மற்றதெல்லாம் நேரில்.

உன் டாக்டர்


பிப்ரவரி 8

பாப்பாவின் அப்பாவுக்கு,

பார்த்து அப்படியே அடித்தேன். க்ளீன் என்று அடித்து என்டர் தட்டியதும் ஒரு நொடியில் டிஸ்க் துடைத்தாற்போல் காலியாகிவிட்டது. அதன் பிறகு சிஸ்டம் சமத்தாக ஏறியது. பாப்பா படுத்தபடியே கை தட்டினாள்.

பிறகு பாடங்களைத் திறக்கப் போனேன். அங்கே ஒன்றுமே இல்லை. பட்டியலில் தெரிந்தது பழைய டிஸ்க். புதியது கம்ப்யூட்டரின் கண்ணுக்கே படவில்லை. கணக்கு, அறிவியல், வரலாறு எல்லாம் போயிற்று. தொண்டை கட்டிப்போய் வெந்நீரைக் குடித்துக் குடித்து வாசித்தது.

அவ்வளவு பயந்தவள் ஏன் செய்தாய் என்று கேட்பீர்கள். கல்யாணமான நாளிலிருந்து நம் வீட்டு வழக்கம் ஒன்று இருக்கிறது. நான் ஏதாவது கேட்பேன். நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் சரி என்று அர்த்தம். வீடு மாற்றியதும் அப்படித்தான், பாப்பாவைப் பள்ளியில் சேர்த்ததும் அப்படித்தான். தப்பு இருந்தால் மட்டும்தான் வாயைத் திறப்பீர்கள். பழையது இல்லையே என்று கேட்டேன். நீங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. அப்படியானால் பழையது இல்லை என்று நினைத்துக்கொண்டேன். கேள்வி உங்கள் கண்ணிலேயே படவில்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவ்வளவு முட்டாள் நான்.

பாப்பாவின் அம்மா


பிப்ரவரி 9

குருவி,

உடனே கம்ப்யூட்டரை அணை. அதில் எதையும் எழுதாதே. டிஸ்கைக் கழற்றித் தனியாக வை. மீட்கலாம், முழுக்க இல்லாவிட்டாலும் கொஞ்சமாவது மீட்கலாம். இப்படி எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

உன் கடிதங்களை நேற்று உட்கார்ந்து முதலிலிருந்து படித்தேன். கடைக்கு வருகிறவர்கள் பக்கம் பக்கமாக எழுதுவார்கள், எர்ரர் எந்த வரியில் இருக்கிறது என்று தேடி அதற்கு மட்டும் பதில் சொல்வது எனக்குப் பழகிவிட்டது. உன் கடிதத்தையும் அப்படியே படித்திருக்கிறேன். என்னைத் திட்டிக்கொள், எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

பாப்பாவுக்குக் காய்ச்சல் எப்படி இருக்கிறது?

மேசை வேண்டாம், கூடத்தில் ஒரு மூலை போதும். இருபத்தெட்டாம் தேதிக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். இந்தத் தடவை கேட்டுவிட்டுத்தான் கிளம்புவேன். நான் வரட்டுமா? கல்யாணமானதிலிருந்து உன்னிடம் இப்படிக் கேட்டதில்லை என்று இப்போதுதான் உறைக்கிறது.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
உன் டாக்டர்


பிப்ரவரி 16

பாப்பாவின் அப்பாவுக்கு,

காய்ச்சல் நீங்கள் கேட்பதற்கு முன்னாலேயே போய்விட்டது.

எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் கடைக்குப் போனேன். அங்கே ஒரு பெண்தான் ரிப்பேர் பார்க்கிறாள். உள்ளே பார்த்தவுடனேயே, புது டிஸ்க் சரியாக அழுந்தவில்லை, பாதியில் நிற்கிறது என்றாள். அழுத்தி ஒரு திருகு போட்டாள், பட்டியலில் வந்துவிட்டது. அது என் கைத்தப்பு. அதை உங்கள் தலையில் கட்ட மாட்டேன்.

பழைய டிஸ்கிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கொடுத்தாள். எல்லாம் துண்டு துண்டு, ஒன்றுக்கும் பெயர் இல்லை. ஒன்றில் முக்கோணத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அடுத்ததில் இருமுகிறேன். இதைப் பிரித்து அடுக்கி முடிப்பதற்குள் தேர்வு வந்துவிடும். தலைமை ஆசிரியையிடம் போய் நின்றேன். அவர் கோபப்படவில்லை. “பரவால்லம்மா, இனிமே தினம் நேர்ல வந்து வாசிச்சிடுங்க” என்றார். மதியத்தில் போய் வாசிக்கிறேன். முதல் நாள் அவசரத்தில் ஒரு வரியைத் தாண்டிவிட்டேன். “அக்கா, நடுவுல ஏதோ விட்டுட்டீங்க” என்று பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை சொன்னது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து நன்றாக அழுதேன்.

டிஸ்க் போனதற்காக உங்களிடம் கோபம் இருக்கிறது, ஆனால் அது ஆறிவிடும். ஆறாதது வேறு. நான் பழுதானால்தான் உங்கள் கண்ணில் படுவேன் என்று தெரிந்துவிட்டது. நன்றாக இருக்கிற நாட்களில் நான் எழுதுவதும் பேசுவதும் உங்களுக்கு வழியில் கிடக்கிற கதை. கூடத்தின் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாலும் நீங்கள் அப்படித்தான் இருப்பீர்கள், நானும் உங்கள் மௌனத்துக்கு அர்த்தம் தேடிக்கொண்டுதான் இருப்பேன். எனக்கு அலுத்துவிட்டது.

வரட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு வாரமாக, இதற்குப் பதில் எழுதாமலே விட்டுவிடலாம் என்று நினைத்திருந்தேன். விட்டால் சரி என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன். வராதீர்கள். டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள். பாப்பாவைப் பார்க்க எப்போது வேண்டுமானாலும் வரலாம், பார்த்துவிட்டுப் போகலாம்.

அவளிடம் இன்று காலை சொன்னேன். “அப்பா வர மாட்டேன்னுட்டாராம்மா?” என்று கேட்டாள். “இல்லடா, அப்பா வரட்டுமான்னு கேட்டாரு. நான்தான் வேண்டாம்னு சொன்னேன்” என்றேன். அதன் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. பேசுவாள், நான் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா