பனியன் போட்ட கொய்யா

அக்டோபர் 27, திங்கள்

கொய்யாப்பழம் ஏழெட்டு விழுந்து கிடந்தது. எல்லாவற்றிலும் புழு. கூட்டித் தள்ளினேன்.

மத்தியானம் லாரி வந்து, வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் மகன் அருள்குமார் நடத்திய பனியன் கம்பெனியின் தையல் மெஷின்களை ஏற்றிக்கொண்டு போனது. அமெரிக்காவில் வரியைக் கூட்டியதில் ஆர்டர் நின்றுபோச்சு. தீபாவளிக்கு ஊருக்குப் போன வேலைக்காரப் பிள்ளைகளைத் திரும்பி வர வேண்டாம் என்று அருள் போனிலேயே சொல்லிவிட்டான். ஓரம் அடிக்கும் பழைய ஓவர்லாக் மெஷின் ஒன்றை மட்டும் யாரும் வாங்கவில்லை.

பக்கத்து வீட்டு வேலாத்தாள் மதிலுக்கு மேலே எட்டி, மெஷினெல்லாம் எங்கே போகுது என்றாள். சர்வீசுக்கு என்றேன். இத்தனை பேருக்குச் சம்பளம் போட்டவனைப் பெற்றவள் வேறென்ன சொல்வது?

அக்டோபர் 29

மழை. அருள் நாள் முழுக்கக் காலி ஷெட்டிலேயே கிடந்தான்.

நவம்பர் 1, சனி

அருளுக்கு வாயெல்லாம் புண். கொய்யாக் கொழுந்து பறித்துக் கொடுத்தேன். மென்று துப்பினான். சொன்னதைச் செய்கிறான். சோறு வைத்தால் தின்கிறான், வைத்துக்கொண்டே இருந்தால் தின்றுகொண்டே இருக்கிறான்.

காலி ஷெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருகிறான். இன்று சாவியை வாங்கி என் இடுப்பில் செருகிக்கொண்டேன். ஏன் என்று அவனும் கேட்கவில்லை, மருமகள் சத்யப்பிரியாவும் கேட்கவில்லை. பயமா எனக்கு? ஒன்றுமே தோன்றவில்லை. அழுகையும் வரவில்லை.

நவம்பர் 5

மரம் நிறையப் பிஞ்சு. சத்யா பிறந்த ஊரில் பிஞ்சிலேயே உறை கட்டிவிடுவார்களாம், ஈ முட்டை வைக்காதாம். பேப்பர் மழைக்கு நிற்காது. நின்றுபோன ஆர்டர் துணிதான் கிடக்கிறதே. குழந்தைகள் பனியனின் கைக்கென்று வெட்டிய துணி, மூட்டை மூட்டையாக.

நாலு உறை ஊசியால் தைத்தேன். கண் தெரியவில்லை.

நவம்பர் 8

நான் ஊசியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்த அருள் ஷெட் சாவியைக் கேட்டான். இடுப்பில் கையை வைத்தபடி நின்றேன். கொடுப்பதா, வேண்டாமா?

"பயப்படாதீங்கம்மா. தெச்சுப்போட்டு வந்தர்றேன்."

அப்படியென்றால் — சாவியை நான் ஏன் வாங்கி வைத்தேன் என்று அவனுக்குத் தெரிந்துதான் இருக்கிறது.

கொடுத்தேன். கதவைச் சாத்த விடவில்லை. வாசலிலேயே உட்கார்ந்துகொண்டேன். மெஷின் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. பிறகு விடாமல் கேட்டது.

நவம்பர் 9, ஞாயிறு

ஏணி போட்டு அருளே உறைகளைக் கட்டினான். சிவப்பும் மஞ்சளுமாக மரமே வேறு மாதிரி ஆகிவிட்டது. மரம் பனியன் போட்டிருக்குது அப்பாயி என்றாள் பேத்தி மோனிஷா. சத்யா சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

வேலாத்தாளுக்கு வாய் சும்மா இருக்குமா? "ஏனுங்க்கா, கொய்யாக்காயும் எக்ஸ்போர்ட்டுங்களா? சர்வீசுக்குப் போன மெஷினு இன்னும் வல்லீங்களா?"

வரும் என்றேன்.

ஏணி மேலிருந்து அவன் என்னைப் பார்த்தான். இறங்கி வந்து மெதுவாகச் சொன்னான்: "ஊரெல்லாம் பொய் சொல்லி வெச்சா, நான் எப்படீம்மா வெளிய வேலை கேட்டுப் போறது?"

என் மகன் வேலை கேட்டுப் போவதா?

நவம்பர் 20

அருள் முதலிபாளையத்துப் பனியன் கம்பெனிகளில் வேலை கேட்டுப் போய்வந்தான். வந்ததும் சோறு போட்டேன்.

டிசம்பர் 16, செவ்வாய்

முதல் பறிப்பு. உறையோடு பறித்து நாலு பழம் அறுத்துப் பார்த்தேன். ஒன்றிலும் புழு இல்லை. அறுத்ததை உப்பு மிளகாய்த்தூள் போட்டு டப்பாவில் வைத்தேன். அருள் எட்டரைக்குள் முதலிபாளையத்தில் இருக்க வேண்டும். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தான். வாசல்வரை போனேன்.

வேலாத்தாள் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். அவள் கேட்கும் முன்பே நானே சொன்னேன். "டெய்லர் வேலைக்குப் போறான், வேலாத்தா. அடுத்தவிய கம்பெனிக்கு. மெஷினெல்லாம் அன்னைக்கே வித்துப்போட்டோம்."

அவள் மாவுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நின்றாள்.

இரண்டு பழம் கொண்டுபோய்க் கொடுத்தேன். உறையை மட்டும் திருப்பித் தரச் சொன்னேன். மேல் கிளையில் இன்னும் பிஞ்சு இருக்கிறது.