மேட்டுக்கொல்லையில் பிரண்டை

ஆகஸ்ட் 4, 2024

ஆடி அமாவாசை. உத்திரமேரூரிலிருந்து, அப்பளம் போட்டு விற்கிற ஜலஜா மாமி ஸ்கூட்டியில் வந்து எங்கள் வேலியில் பிரண்டை ஒடித்துக்கொண்டு போனார். துவையல் இல்லாமல் இன்றைய சமையல் முடியாதாம். "அப்பள மாவுக்கும் இதோட சாறு வேணும், ஆதிலட்சுமி. வருஷம் பூரா வேலி வேலியா அலையறேன்" என்றார்.

வருஷம் பூராவுமா? அப்படியென்றால் பயிராகவே நட்டால் என்ன?

எங்கள் மேட்டுக்கொல்லைக்கு ஏரித் தண்ணீர் ஏறாது. அதனால்தான் என் வீட்டுக்காரர் அதை மனை போட்டு விற்கிறவனுக்குக் கொடுக்கத் துடிக்கிறார். கழனியோ பங்காளிகளோடு பொது. கொல்லையும் போய்விட்டால், என் இஷ்டத்துக்கு ஒரு விதை ஊன்ற ஒரு சாண் மண் கிடையாது. சொன்னேன். இவர் சிரித்தார்.

"வேலில மொளைக்கறத எவனாவது நடுவானா? பொங்கல் வரிக்கும் பாக்கறேன். அப்பால எடத்த குடுத்துடுவேன்."

பார்க்கட்டும்.

ஆகஸ்ட் 11

நட்டாயிற்று. கணு கணுவாக நறுக்கி, நாற்று நடுவதுபோல் வரிசை பிடித்து நட்டேன். சுற்றிலும் வரப்பு. பக்கத்துக் கொல்லை மோட்டாரைக் கேட்டு வாங்கி, தண்ணீர் தேங்கி நிற்கும்படி கட்டினேன். மிச்சத் துண்டுகளை மூலையில் இருந்த கல்மேட்டில் கொட்டிவிட்டேன். இடுப்பு விட்டுப்போகிறது.

ஆகஸ்ட் 24

அழுகிவிட்டது. அத்தனையும். தொட்டால் கொழகொழவென்று கையோடு வருகிறது, நாற்றம் வேறு. இன்னாத்துக்குடி உனக்கு இந்த வேல? வூட்ல எப்படிப் போய் சொல்லுவ?

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அப்புறம்தான் கல்மேட்டைப் பார்த்தேன். வெயிலில் சுருங்கிக் கிடந்த துண்டுகளில் கணுவுக்குக் கணு வெள்ளை வேர்! ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை அதற்கு. பிறந்ததிலிருந்து நெல் நட்ட கையல்லவா, தண்ணீர் கட்டியே கொன்றிருக்கிறேன். சனியனே, நீ அவ்வளவு ரோஷக்காரியா? சரி, உன் இஷ்டப்படியே ஆகட்டும்.

ஆகஸ்ட் 25

வரப்பையெல்லாம் வெட்டித் தள்ளினேன்.

செப்டம்பர் 8

மண்ணை மேடு மேடாக அணைத்து, நிழலில் வாடவைத்த துண்டுகளை நட்டேன். கொடி ஏற கிளுவைக் கம்பு. தண்ணீர் தெளித்ததோடு சரி. இவர் சாலையில் நின்று பார்த்தார், உள்ளே வரவில்லை. வராமலே போகட்டும், எனக்கென்ன.

டிசம்பர் 2

புயல் மழை. கழனியெல்லாம் முழுகிவிட்டது. குடையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கொல்லைக்கு ஓடினேன். தண்ணீர் வடிந்து ஓடிக்கொண்டிருக்கிறது, கொடி கம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. என் கண்ணு!

ஜனவரி 5, 2025

முதல் அறுப்பு. துணைக்கு எதிர்வீட்டுப் பவளம். துவையலுக்கு நாலு கணு நறுக்கவே கையில் எண்ணெய் தடவுகிற நான், மூட்டைக்கணக்கில் அறுக்கும்போது மறந்து தொலைத்தேன். "யக்கா, கை பத்தி எரியுதுக்கா! இன்னா வேலக்கி இட்டாந்த என்ன?" என்று பவளம் குதித்தாள். எனக்கும்தான் முழங்கை வரை அரிப்பு. அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நல்லெண்ணெய் பூசிக்கொண்டு மீதியை நானே அறுத்தேன்.

ஜலஜா மாமி அத்தனையும் எடுத்துக்கொண்டார். மாதாமாதம் வேண்டுமாம். இவரிடம் சொன்னேன். "ம்" என்றார். அவ்வளவுதான்.

ஜனவரி 19

பொங்கல் போய்விட்டது. மனைக்காரன் காலையிலேயே கார் போட்டு வந்துவிட்டான். இவர்தான் அவனைக் கொல்லைக்கு அழைத்துப் போனார். நான் பின்னாலேயே போனேன். ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனேன், அதற்குள் கொல்லை வந்துவிட்டது.

"காலி எடந்தான? ஜேசிபி வுட்டா ஒரே நாள்ல சுத்தம் பண்ணிடலாம்" என்று அவன் கையை வீசிக்கொண்டு உள்ளே நடந்தான். தரையில் ஓடிய கொடிமேல் அவன் செருப்புக்கால்.

"யோவ், கால எடுய்யா! பயிர் கீது, தெரியல?"

கத்தியது நான் இல்லை. இவர்.