கிடா கட்டிய தூண்

சித்திரை 20, சனி

வெயில் மண்டையைப் பிளக்கிறது. தகரக் கூரைக்குக் கீழே பகலில் உட்கார முடியவில்லை. வெள்ளத்தில் வீடு போனவர்களுக்கு ஏரிக்கரையில் அரசாங்கம் போட்டுக் கொடுத்த ஷெட். தை முதல் நாள் என் பெண்டாட்டி செல்வி பால் காய்ச்சினாள். தாசில்தாரும் வந்து குடித்தார். "இனிமே இதுதாங்க உங்க வூடு" என்றார்.

வேலை: கிடாவுக்குத் தழை. கடத்தூரில் செல்விக்குக் கண்ணாடி வளையல் (மறந்தால் திட்டுவாள்).

மாரியம்மனுக்கு நேர்ந்துவிட்ட கிடா. கட்ட இங்கே மரம் ஏது? வாசல் தூணில்தான். எல்லாத் தூணும் ஆடுகிறது. செல்வி ஷெட் போட்ட இன்ஜினியருக்குப் போன் போட்டாள். "பாக்கலாம்மா" என்றானாம்.

சித்திரை 21, ஞாயிறு

சாயங்காலம் சூறைக்காற்று. பின்பக்கத் தூண் பிடுங்கிக்கொண்டது. தகரம் பறந்து வந்து செல்வியின் கழுத்தில். தர்மபுரி ஆஸ்பத்திரி போகும்வரை கழுத்தைத் துண்டால் அழுத்திப் பிடித்திருந்தேன். வழியிலேயே அடங்கிவிட்டாள். நகக்கண்ணில் அவள் ரத்தம். கழுவவில்லை.

சித்திரை 23, செவ்வாய்

நேற்று அடக்கம். சுமங்கலியாகப் போகிறவளுக்குப் புது வளையல் போட்டு அனுப்ப வேண்டும் என்றார்கள். அப்போதுதான் வாங்கினேன்.

இன்று தாசில்தாரும் இன்ஜினியரும், கூட ரெண்டு போலீசும்.

"வாசத் தூண்ல கிடாவக் கட்டியிருக்கீங்க. அது இழுத்து இழுத்து மொத்த ஷெட்டும் லூசாயிடுச்சு. கவர்மென்ட் எப்படிங்க பொறுப்பாகும்?" இன்ஜினியர்.

பால் குடித்தீர்களே என்று தாசில்தாரைக் கேட்டேன். "அது வீடே இல்லைங்க. தற்காலிக நிழல்தான்."

இன்ஜினியரை அறைந்தேன். உதடு கிழிந்தது. இன்னொன்று விட்டேன். நன்றாக இருந்தது. போலீஸ் லத்தி என் முதுகில். பக்கத்து ஷெட் மாதையன், "உடுங்க சார், பொண்டாட்டியப் பறிகொடுத்த ஆளு" என்று குறுக்கே விழுந்து அவனும் வாங்கினான். ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனவர்கள், சாவு வீடு என்று ராத்திரிக்குள் அனுப்பிவிட்டார்கள்.

சித்திரை 25, வியாழன்

முதுகு படுக்க விடவில்லை. காலையிலேயே ஜேசிபி. ஷெட்டுகள் ஆபத்தாம், பிரிக்கிறார்களாம். இப்போது ஆபத்து! தூணுக்கு அடியில் கான்கிரீட்டே போடவில்லை, தோண்டிப் பாருங்கள் என்று நேற்று கோட்டாட்சியர் ஆர்.டி.ஓ.விடம் மனு கொடுத்திருந்தோம். ஆர்.டி.ஓ. வருவதற்குள் அள்ளிவிடப் பார்த்தார்கள். தூண் போனால் செல்வியைக் கொன்றது கிடா என்றே ஆகிவிடும்.

கடப்பாரையோடு நின்றேன். "கிட்ட வந்தா எவனா இருந்தாலும் பொளந்துடுவேன்."

ஆர்.டி.ஓ. அம்மா ஜீப்பை விட்டு இறங்கவும் ஜேசிபிக்காரன் ஹாரன் அடிக்கவும் சரியாக இருந்தது. கிடா மிரண்டு ஒரே பாய்ச்சல். தூண் பிடுங்கிக்கொண்டு வந்தது. அதை இழுத்துக்கொண்டே கரையில் ஓடியது. அடியில் கான்கிரீட் துணுக்குகூட இல்லை. வெறும் மண்.

"பாத்தீங்களா மேடம், கிடாதான்!" இன்ஜினியர்.

"ஆடு இழுத்தாலே வர்ற தூணுன்னா, அதுக்குக் கீழ எங்களப் படுக்க வெச்சது யாருடா?" என்றேன்.

 ஆர்.டி.ஓ. தூணின் அடியைத் தடவிப் பார்த்தார். இதை யாரும் தொடக்கூடாது என்றார். என்னைக் கடப்பாரையைக் கீழே போடச் சொன்னார். போடவில்லை.

மாதையன் கிடாவைப் பிடித்து வந்தான். "எதுலண்ணா கட்றது?"

என் கையில் கட்டச் சொன்னேன்.